சின்ன அறையைக் காலி செய்வது

மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. வீட்டுக்கு வந்தபிறகு கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, கீழே குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைதான் அவளுக்கு. அந்த அறையில் ஒரு கட்டில் இருப்பதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கண்ணால் பார்த்துப் பல வருஷமாகிறது. மேலே, கீழே, சுற்றிலும் பை பையாகக் கம்பளிநூல்.

நூலெல்லாம் கணவருடையது. பஸ் ஓட்டுவது அவர் வேலை. கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் ஸ்வெட்டர் பின்னுவது அவர் பைத்தியம். டிப்போவில் ‘ஊசி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பின்னுவதை யாரும் குறை சொல்லவில்லை. ஒன்றைப் பின்னி முடிப்பதற்குள் இன்னும் ஒன்பதுக்கு நூல் வாங்கி வருவாரே, அதுதான் தலைவலி.

“நீ வர்றதுக்குள்ள அறையைக் காலி பண்ணிடறேன். இனிமே ஒரு நூல் உருண்டை வாங்கினா என்னை என்னன்னு கேளு” என்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்.

“பார்க்கலாம்” என்றாள் அவள். பல தடவை பார்த்தவள்.

தூக்கிப் போட மனசு வருமா? இருப்பதைப் பின்னியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார். அங்கேதான் வினை. கண்ணுக்கு அழகாக இருந்ததையெல்லாம் ஒன்றிரண்டாக அள்ளி வந்த மனுஷன். எதை எடுத்தாலும் முழு ஸ்வெட்டருக்குக் காணாது. மனைவிக்கென்று ஆரம்பித்த நீல ஸ்வெட்டர் ஒரு கை முளைத்ததோடு நின்றது. இன்னும் ஒரே ஒரு உருண்டை வாங்கினால் இத்தனை உருண்டை தீர்ந்துவிடுமே என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு கடைக்குப் போனார். அதே நீலம் இருந்தது. ஆனால் வேறு தடவை சாயம் போட்டது, ஒரு மாற்றுக் குறைவு. ஒட்டவே ஒட்டாது. வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். புதிதாக ஒரு முழு ஸ்வெட்டருக்கான பச்சையோடு திரும்பினார். மூட்டையைக் குறைக்கப் போய் ஒரு மூட்டை கூடிற்று.

அறுவை சிகிச்சை அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். துணைக்கு வந்திருந்த மச்சினி, “உட்காருங்க மாமா, எனக்குத் தலை சுத்துது” என்றாள். உட்கார்ந்தார், எழுந்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கால்கள் டீக்கடையைத் தாண்டி நடந்தன. நூல்கடையில் ஒரு குவியலுக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டுக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

திரும்பி வந்தபோது மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நல்லபடியா முடிஞ்சுது மாமா. டாக்டர் வந்து உங்களைத் தேடினார். அக்காவும் கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் கேட்டா.”

“டீக்கடையில ஒரே கூட்டம்” என்றார். அவள் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

அதன்பிறகு சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. பைகளை அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டு வந்தார், கூடத்திலிருந்து அறைக்குக் கொண்டு போனார். தன் பஸ் கண்டக்டரின் மனைவிக்குப் பின்னத் தெரியும் என்று அவனை வரவழைத்து ஒரு பை கொடுத்தார். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் ஓடிப்போய், “இது மட்டும் இருக்கட்டும்டா” என்று பாதியைத் திரும்ப வாங்கிவந்தார்.

மனைவி வந்துவிட்டாள். மச்சினி வாசலில் டாக்சியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெதுவாக அறைவாசலுக்கு வந்த மனைவி அங்கேயே நின்றாள். பைகளுக்கு நடுவே வாக்கர் நுழைய வழியில்லை. இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கையை விட்டுவிட்டு, குனிந்து ஒரு பையைத் தள்ளினாள். உடம்பு சாய்ந்தது. அவர் பாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

“ஆபரேஷன் அன்னிக்கு நீங்க எங்க போனீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

“பயமா இருந்துச்சு” என்றார்.

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் எதை வாங்கறது?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். “டாக்சியை அனுப்பிடாதே!” என்று கத்தினார். பைகளை இரண்டிரண்டாகத் தூக்கிவந்து பின்சீட்டில் திணித்தார், டிக்கியில் அடைத்தார். எந்தப் பையில் என்ன நிறம் என்று பார்க்கவில்லை. பார்த்தால் தொலைந்தோம் என்று தெரியும். பச்சையும் போனது, நீலமும் போனது.

“என்ன சார், கடையையே மூடிட்டீங்களா?” என்றார் டாக்சிக்காரர்.

“ஆமாங்க” என்று சொல்லி, கண்டக்டர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். வண்டி திரும்பும்போது பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சின்ன அறையில் நிஜமாகவே ஒரு கட்டில் இருந்தது. மச்சினி தூசி தட்டி விரிப்பு விரித்தாள். மனைவி படுத்துக்கொண்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்க மறுத்தது. வேட்டி நுனியை முறுக்கியது, பிரித்தது, மறுபடி முறுக்கியது.

“என்னங்க?”

“நீ விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னே ஓடிட்டிருக்கு. உள்ளுக்குள்ள நடுங்குது.”

மனைவி வலிக்கும் காலை மெல்ல நகர்த்தி இடம் விட்டாள்.

“கிட்ட வந்து உட்காருங்க. எனக்கும் இன்னும் நடுக்கம் நிக்கல.”