அதிபர் போட்ட கதிரை

அந்தத் தாளைப் பாடசாலை அதிபர் அம்மா என் பக்கம் தள்ளி வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் மகள் மேனகாவை என் சொந்த விருப்பத்தின் பேரில் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்." கீழே பாக்கியலெட்சுமியின் கோணல் கையெழுத்து, முந்தாநாள் திகதியோடு.

"தாயே விலக்கிட்டா, மிஸிஸ் நிஷாந்தினி. இனி நான் என்ன செய்ய?" என்றார் அதிபர்.

நல்லாய்த்தான் செய்திருக்கிறார். மேனகாவுக்குப் பேச்சு வராது, ஆனால் படம் காட்டினால் விளங்கிக்கொள்வாள், பெயர்கூட எழுதத் தொடங்கியிருந்தாள். விசேட கல்வி அலகுக்கு ஆசிரியை இல்லையென்று மூன்று மாதத்துக்கு முதல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இன்னும் தினமும் பள்ளிக்கூட வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கிறதாம்.

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு ஃபோட்டோகொப்பிக் கடை. என் மகனுக்காகக் கல்விக் கந்தோர்ப் படியெல்லாம் ஏறி இறங்கியவள் என்பதால் இப்படியான பிள்ளைகளின் தாய்மார் என்னைத் தேடி வருவார்கள். மலையகத்திலிருந்து வந்து முகத்துவாரத்தில் குடியிருக்கும் பாக்கியமும் அப்படித்தான் வந்தாள். அவளுக்காக ஐந்து கடிதம் அடித்தேன். வருகிற திங்கள் விசாரணை என்று வலயக் கல்விக் கந்தோரில் சொல்ல வைத்தேன். எல்லாம் ஒரு கையெழுத்தோடு போச்சு.

பாடசாலைக் கேட்டடியில் நின்ற பாக்கியத்தை வழி நெடுகத் திட்டிக்கொண்டே கடைக்குக் கூட்டி வந்தேன்.

"வாசிச்சுப் பாத்தனியா?"

"இல்லீங்கக்கா."

"ஏன்? தமிழ் வாசிப்பாய்தானே?"

"எழுத்துக் கூட்டி வாசிப்பேங்க. பெரிய மிஸ் கதிரைய இழுத்துப் போட்டு உக்காருங்கன்னாங்க. டீ குடுத்தாங்க. அவங்க முன்னால தாள வாங்கி வாசிச்சா, நம்பலைன்னு ஆயிடுங்களே. இத்தன நாள்ல என்னைய யாருமே உக்காரச் சொன்னதில்லீங்க."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னாள். மூன்று மாதமாக அங்கேதான் நின்றிருக்கிறாள். கடையில் இருந்த மற்றக் கதிரையில் என் கைப்பை இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பையைக் கீழே வைத்தேன். "உள்ளுக்கு வாங்கோ. இருங்கோ."

நுனியில் உட்கார்ந்தாள். வாசிக்காமல் கையெழுத்திட்டதையும், மகளை விலக்கச் சம்மதமில்லை என்பதையும் வலயக் கந்தோருக்கு ஆறாவது கடிதமாக அடித்தேன்.

"முழுக்க வாசியுங்கோ. அதுக்குப் பிறகுதான் பேனை தருவன்."

விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். கொப்பி எடுக்க வந்த இருவர் முணுமுணுத்தார்கள். "அவசரமெண்டா வேற கடைக்குப் போங்கோ" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் வரியில் அவள் விரல் நின்றது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. மேனகாவுக்கு எட்டு வயசுன்னு போட்டிருக்கீங்க. ஒம்பது முடிஞ்சிருச்சுங்க."

ஐந்து கடிதத்திலும் எட்டு என்றுதான் அடித்திருந்தேன். ஒன்றைக்கூட அவளிடம் வாசிக்கக் கொடுத்ததில்லை.