புல்மேட்டு அந்துப்பூச்சி

மசூது மௌத்தான மறுவருடம், சாரல் தொடங்கியதும் அதீபா ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள்.

ஜவுளிக்கடை வேலை போக மிச்சமிருந்த ஞாயிறெல்லாம் அவள் கணவர் மசூதுக்குப் பூச்சிகள்தான். ஐந்தருவிச் சாலையை ஒட்டிய புல்மேட்டில் அவர் ஓர் அந்துப்பூச்சியைப் படம் பிடித்திருந்தார். விரல்நகத்தைவிடச் சிறியது, சாம்பல் இறக்கையில் பால்நிறக் கோடு. நாகர்கோவிலில் பூச்சிகளை ஆராயும் ஜெஸ்வினுக்கு அனுப்பிக் கேட்டார்.

"இதே மாதிரி சாதாரணமா ஒண்ணு, அபூர்வமா ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. இது அந்த அபூர்வமானதுதானான்னு வயித்த அறுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ஒண்ணப் பிடிச்சு அனுப்புங்க."

மசூது மறுத்துவிட்டார். "பேரு தெரிஞ்சுக்கிடதுக்காவ ஒரு உசுர எடுக்கணுமாக்கும்?" என்று அதீபாவிடம் சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நாளில், கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது புல்மேட்டில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். ஓடைக்கரையில் மட்டும் கொஞ்சம் புல் மிச்சமிருந்தது. அதிலிருந்து எழுந்த சாம்பல் பூச்சி பக்கத்துப் புல்தாளிலேயே போய் அமர்ந்தது. அதீபா டப்பாவைக் கவிழ்த்தாள். அவர் பேர் எங்காவது இருக்கட்டும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. வீட்டுக்கு வந்து டப்பாவை ஃப்ரீசரில் வைத்தவள், வெகுநேரம் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை.

பூச்சியை நாகர்கோவிலுக்கு அனுப்பிய சில வாரங்களில் ஜெஸ்வின் போன் செய்தான். "மதினி, அபூர்வமானதேதான்! இந்தப் பக்கம் இதுவரை யாரும் பாத்ததில்ல. கட்டுரையில அண்ணாச்சி பேரத்தான் மொதல்ல போடுதேன்."

"ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் தயங்கினான். "பொண்ணுதான் மதினி. வயிறு நெறைய முட்ட. இன்னும் இடாம இருந்திருக்கு."

மறுநாள் காலையே அதீபா மறுபடி ஓடைக்கரைக்குப் போனாள். மேட்டில் ஜேசிபி மண்ணை நிரவிக்கொண்டிருந்தது. தூறலில் நனைந்தபடி ஒவ்வொரு புல்கற்றையையும் கையால் விலக்கிப் பார்த்தாள். மனைகளுக்குக் காவலிருந்த பிச்சையா குடையோடு வந்து நின்றார்.

"என்னம்மா தொலைச்சிய? கம்மலா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஆமாம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

"அழாதீய. இங்கனதான் கெடக்கும்."

குடையை மடக்கிவிட்டு அவரும் குனிந்து தேடத் தொடங்கினார். ஓடை வளையும் இடம்வரை இருவரும் அப்படியே போனார்கள். புல்லிலிருந்து எதுவும் எழவில்லை.