ஒன்பது விநாடி நடுக்கம்

1

இந்தக் கதை ஒரு மழைத்துளியில் பிறந்தது. டி.வி.யில் ஏதோ ஜப்பானிய அனிமே. லென்ஸில் துளி ஒட்டியிருந்தது. முழுக்க வரைந்த படத்தில் லென்ஸ் ஏது? சினிமா மாதிரி இருக்கட்டும் என்று அதையும் வரைகிறார்கள். சரி, அப்படியானால் கேமராவைப் பிடித்திருப்பது யார்? அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

2

[ஹோனாமி துணிச்சலான பெண் — இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

டோக்கியோவில் ஒரு ஸ்டுடியோ. ஹோனாமி ஒளிப்பதிவுப் பிரிவில் இருக்கிறாள். (கேமராக்கள் போய் வருடக்கணக்காகியும் பேர் மட்டும் போகவில்லை. ஓவியங்களைக் கணினியில் அடுக்கி, ஒளியும் புகையும் சேர்ப்பதுதான் வேலை.)

"கேமரா மிக்ஸி மாதிரி ஆடுது," என்றார் இயக்குநர் நிஷிவாகி. "கையில பிடிச்சு எடுத்த மாதிரி இருக்கணும். மனுஷக் கை வேணும்மா. மூணு மணிக்குள்ள குடு."

"என் கையை வெட்டித்தான் தரணும், நிஷிவாகி சான்."

"இடது கையைக் குடு. வேலை கெடாது."

அவளிடம் ஒரு கை இருந்தது. அக்கா சிஸுரு சாவதற்கு முந்தின வாரம் போனில் எடுத்த ஒன்பது விநாடி வீடியோ: காலி ரயில் நடைமேடை, அவ்வளவுதான். அக்கா எடுத்த எதிலும் அக்கா இல்லை. ஹோனாமி அதிலிருந்து அக்காவின் கை நடுக்கத்தை மட்டும் உருவி, ஷாட்டுக்காக வரைந்திருந்த பள்ளி வராந்தாவின் மேல் ஏற்றினாள்.

3

ஓட்டினாள். வராந்தா மூச்சு விட்டது. ஒன்பது விநாடி முடிந்தது, நடுக்கம் முடியவில்லை. பத்து. பதினொன்று. கேமரா மெல்லத் திரும்பியது. ஓரத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி. பன்னிரண்டில் பதறி நிறுத்தினாள்.

கண்ணாடி முழுசாக வந்தால், கேமராவைப் பிடித்திருப்பவரும் அதில் தெரிவார்.

"அட, இதுதான்!" பின்னால் நிஷிவாகி. "உயிர் இருக்கு. ஆனா ஷாட் ஒன்பது விநாடிதானே? மிச்சத்தை அழிச்சிட்டு அனுப்பு."

"அந்தக் கண்ணாடி... நீங்க வரையச் சொன்னீங்களா?"

"நான் சொல்லல. எவனோ அழகா வரைஞ்சிருக்கான். அழிச்சிடு."

4

முதல் முடிவு: அழிக்கிறாள். ஒளிபரப்பாகிறது, எல்லோரும் பாராட்டு— (எழுதினேன். எனக்கே அழுகை வந்தது. கிழித்துப் போட்டேன்.)

இன்னொன்று: மேலே ஓட்டுகிறாள். கண்ணாடியில்

நான்கு முறை எழுதியும் இந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. அக்கா தெரிந்தால் ஹோனாமி தாங்கிக்கொள்வாள். கண்ணாடியில் யாருமே இல்லாவிட்டால்? அதை நினைத்துத்தான் அவள் நடுங்குகிறாள்.

மணி இரண்டு ஐம்பது. படம் பன்னிரண்டாவது விநாடியில் நிற்கிறது. அழிப்பதா, ஓட்டுவதா? எனக்குத் தைரியமில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நிறுத்திவைத்த படம்தான். ஆனாலும் அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது.