லேட்டாக வந்தவள்

1
இந்தக் கதை என்னுடையதில்லை. என் வீட்டுக்காரருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னார். பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தும் இதை மட்டும் மூச்சுவிடாமல் வைத்திருந்த மனுஷன்.

“எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவம்னு எழுதிடாத.”

2
காலை வெயிலில் விசில் பளபளக்க, அந்த இளம் பயிற்சி ஆசிரியர் கம்பீரமாக—

(அடித்துவிட்டேன். வியர்வையில் விசில் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. கம்பீரம் எங்கிருந்து வரும்? ‘ஆசிரியர்’ என்பதையும் ‘அவன்’ ஆக்கிவிடுகிறேன். திட்டுவதற்கு வசதி.)

3
உடற்கல்விப் படிப்பில் கடைசி வருடம். பயிற்சிக்குப் போன பள்ளியில் நீளம் தாண்டுதல் பாடம். மதிப்பெண் போடப் பேராசிரியர் வரவேண்டும். எட்டு நிமிடம் வார்ம்-அப் என்று பாடக்குறிப்பில் அழகாக எழுதியிருந்தான். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு, கேட்டைப் பார்ப்பதும் ஓடுபாதை ஓரத்துப் பிளாஸ்டிக் கூம்புகளை நகர்த்தி வைப்பதுமாகவே நேரம் போய்விட்டது.

பேராசிரியர் வந்தார். “வார்ம்-அப் ஆச்சாப்பா?”

“ஆச்சு சார்.”

நாற்பது பிள்ளைகள் காதிலும் விழுந்தது.

மூன்றாவதாகத் தாண்டிய எட்டாம் வகுப்புப் பெண், தொடையைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வார்ம்-அப் பண்ணின பிள்ளைக்கு எப்படிப்பா இப்படிப் பிடிச்சுக்கும்?”

“இவ லேட்டா வந்தா சார்.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு பேராசிரியரை.

“ஆமா சார். லேட்டாதான் வந்தேன்.”

மற்ற முப்பத்தொன்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. பேராசிரியர் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

(இன்றைக்கும் என் வீட்டுக்காரர் வகுப்பில் வார்ம்-அப் இருபது நிமிடம். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.)

4
ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: அவன் பேராசிரியரின் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்லிவிடுகிறான். குடும்பக் கதை எழுதிப் பழகிய கை, இப்படித்தான் போகும்.

வீட்டுக்காரர் படித்தார். “நான் எங்க ஓடினேன்? ரூமுக்குப் போய்த் தூங்கினேன். நல்லாத் தூங்கினேன்.”

5
மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் போனான். வகுப்பு வாசலில் அவள் நொண்டிக்கொண்டு எதிரே வந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“சார், பாஸாயிட்டீங்களா?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் மடித்து வைத்த சட்டையை உதறி, மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார்.

அவன் சொன்னது: “                    ”

நான் எதை எழுதினாலும் என் வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிற மாதிரியே வருகிறது. நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் அந்தக் காலோடு நின்றுகொண்டிருக்கிறாள்.