மூக்குக்காரர் வறுத்த எத்தியோப்பியக் கொட்டை

ஆரணி மார்க்கெட்டுக்குப் பின்னால், எஸ்டிடி பூத்தை ஒட்டியிருந்த காப்பித்தூள் கடையின் பலகையில் ஏதோ ஒரு அம்மன் பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. மூக்குக்காரர் கடை என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். தணிகாசலத்தின் மூக்கு அப்படி. கொட்டை வறுபடும்போது ஒரு கை உருளையைச் சுற்றிக்கொண்டிருக்கும், முகம் வாடிக்கையாளர் பக்கம் இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும். பேச்சின் பாதியில் சட்டென்று உருளையைக் கவிழ்ப்பார். கருகலும் இருக்காது, பச்சையும் இருக்காது. தெருமுனையில் மரிக்கொழுந்துக் கூடை வருவதைக் கல்லாவில் இருந்தபடியே சொல்லுவார். களம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து தூள் வாங்கினார்கள் என்றால் அந்த மூக்கை நம்பித்தான்.

அந்த மூக்கு ஐப்பசியில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் விட்டது, உடம்பு தேறியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. மனுஷர் அதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கம்பவுண்டர் வழியாக ஊருக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான். அப்படி ஒரு வீம்பு. சோறு வாயில் ஈரத்துணியாய்க் கிடந்தது. போகப்போக மற்றதும் அப்படியே ஆகிவிட்டது. மார்கழியில் களம்பூரில் அக்கா தனகோடி செத்துப்போனாள். போய் நின்றார். ஊதுபத்தி கட்டுக்கட்டாய்ப் புகைந்தது, மாலைகள் குவிந்தன, எதுவும் அவரை எட்டவில்லை. தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கிடக்கிறாள் என்பது தெரிந்தது. அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், அதுவும் உறைக்கவில்லை.

கடையை மட்டும் விடாமல் நடத்தினார். வாசனைக்குப் பதில் கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டார். கொட்டை பொரியும் சத்தம், தோலின் நிறம், இத்தனை வருஷப் பழக்கம், எல்லாம் சேர்ந்து வறுவல் பழையபடியே இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. காய்ச்சலில் இளைத்துப்போனவருக்கு ஒத்தாசையாக மனைவி கிருஷ்ணம்மாளும் கடைக்கு வர ஆரம்பித்திருந்தாள். பின்னால் உட்கார்ந்து பொட்டலம் கட்டுவாள். வறுக்கிற நேரம் பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு வரும். "இன்னாங்க, தண்ணி வேணுமா?" என்பாள். இல்லையென்றால், "கரண்ட் பில்லு கட்டிட்டீங்களா?" இவர் எரிச்சலோடு திரும்புவார், திரும்பினவர் உருளையையும் ஒரு பார்வை பார்ப்பார், சரியாய் இருக்கும், கவிழ்த்துவிடுவார்.

பங்குனியில் ஒருநாள் காலை ராஜ்குமார் வந்தான். பட்டு வியாபாரி ராமதாஸின் மகன். எத்தியோப்பியாவில் ஒரு காலேஜில் வாத்தியாராக இருக்கிறவன், லீவுக்கு வந்திருந்தான். கையில் ஒரு துணிப்பை, அதில் வறுக்காத காப்பிக்கொட்டை.

"அண்ணே, இது அந்த நாட்டுக் கொட்டை. ஒரே மலையிலே விளைஞ்சது, வேற எதுவும் கலக்கல. பழத்தோட காயவைக்க மாட்டாங்க. தோலெடுத்து, தொட்டியிலே ஊறவெச்சி, கொழகொழப்பு போறவரைக்கும் கழுவி அப்புறம்தான் காயவைப்பாங்க. நம்ம பட்டு நூலுக்குப் பசை எடுக்கிறோமே, அந்த மாதிரின்னு வெச்சிக்கங்களேன்."

"எப்டி வறுக்கணும்?"

"கருக்க விட்றாதீங்க. மொதல் பொரி பொரிஞ்சி அடங்கினதும் எறக்கிடணும். சிக்கரி கூடாது, பாலும் கூடாது. நான் அங்க இன்னா குடிக்கிறேன்னு அப்பா பாக்கணும்றாரு. உங்க மூக்கை நம்பித்தான் கொண்டாந்தேன். மத்தியானம் அவரையும் இட்டுகினு வர்றேன்."

ராமதாஸ் வாயில் விழுந்த சேதி ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் ஆரணியைச் சுற்றிவிடும். இது தணிகாசலத்துக்குத் தெரியும். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். பையை வாங்கி வைத்துக்கொண்டார். பயம் வரவேண்டிய இடத்தில்கூட ஒன்றும் வரவில்லை.

பாதிக் கொட்டையை உருளையில் போட்டு அடுப்பை ஏற்றினார். கரண்ட் இல்லாததால் தெரு அமைதியாக இருந்தது, பொரியும் சத்தம் நன்றாகக் கேட்கும். கொட்டை மெல்ல மஞ்சளானது. அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் வந்து தொலைத்தது. பின்வீட்டுப் பவர்லூம் எல்லாம் ஒரே மூச்சில் தடதடவென்று ஓட ஆரம்பித்தன. உருளைக்குள் என்ன நடக்கிறது என்று காதுக்கு எட்டவில்லை. நிறத்தைப் பார்த்தார். பழகாத கொட்டை, நிறம் பிடிபடவில்லை. கை சுற்றிக்கொண்டே இருந்தது. எதற்கோ காத்திருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னாங்க, தண்ணி வேணுமா?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

கை தானாக உருளையைக் கவிழ்த்தது. முறத்தில் விழுந்த கொட்டை கருகருவென்று எண்ணெய் மினுங்கிக் கிடந்தது. தினமும் விற்கிற வறுவல், அச்சு அசல் அதே பதம். ராஜ்குமார் கேட்டது இதுவல்ல.

தணிகாசலம் முறத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ எப்டி சரியா இப்போ கூப்ட்டே?"

கிருஷ்ணம்மாள் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காய்ச்சலுக்கு அப்புறம் நான்தானே மோந்துகினு இருக்கேன். இது சீக்கிரம் எறக்கணும்னு அந்தத் தம்பி சொன்னது லூம் சத்தத்துல ஞாபகம் வரல. வழக்கமா வர்ற வாசனை வந்திச்சி, கூப்ட்டுட்டேன்."

"தெரியுமா உனக்கு?"

"கூட இருக்கிறவளுக்குத் தெரியாதா? சாம்பார் அடிபிடிச்ச அன்னிக்கு ரெண்டு தபா வாங்கி சாப்ட்டீங்க."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லலியே."

இத்தனை மாதம் தன் கண்ணும் காதும் கடையைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட வேண்டிய இடம் என்று புரிந்தது. வெட்கமும் வரவில்லை. மீதிக் கொட்டையை உருளையில் போட்டார்.

"இங்க வந்து நில்லு. வாயை மூடாம சொல்லிகினே இரு."

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். கொண்டையில் பச்சையாய் ஏதோ அவர் தோள் உயரத்துக்கு ஆடியது. சுவரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"இப்போ பச்சைப் புல்லு... வைக்கோலு... ரொட்டிக்கடை மாதிரி வருது... வெல்லப்பாகு... ஐயே, எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளின மாதிரி அடிக்குதுங்க. ஜல்தி எறக்குங்க!"

கவிழ்த்தார். கொட்டை இலவங்கப்பட்டை நிறத்தில், துளி எண்ணெய் இல்லாமல் கிடந்தது.

மத்தியானம் அப்பாவும் பிள்ளையும் வந்தார்கள். கிருஷ்ணம்மாள் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி, வெந்நீர் கலந்து, பால் சேர்க்காமல் கொடுத்தாள். டம்ளரின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாய் இருந்தது. ராஜ்குமார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதேதாண்ணே!" என்றான். ராமதாஸ் முகத்தைச் சுளித்தார்.

"இதுக்கா இவ்ளோ அலட்டல்? நம்ம ஊர்ல கெட்டுப்போச்சின்னு தூக்கிப்போடற கொட்டை கணக்கா புளிக்குதே. நீ சொல்லு தணிகாசலம், உன் மூக்கு இன்னா சொல்லுது?"

தணிகாசலமும் ஒரு வாய் குடித்தார். நாக்கின் ஓரம் சுருக்கென்றது. புளிப்பு. மூக்கு இல்லாமலே எட்டுகிற புளிப்பு. மாதக்கணக்கில் வாய்க்கு வந்த முதல் சேதி அது. ஏலக்காய், சந்தனம் என்று எதையாவது அள்ளி விட்டிருந்தால் ராமதாஸ் நம்பிவிட்டுப் போயிருப்பார்.

"என் மூக்கு ஐப்பசிலியே போயிடுச்சிங்க. பாதிக் கொட்டையைக் கருக்கிட்டேன், தோ முறத்துல இருக்குது. இது இவ மோந்து சொல்ல நான் வறுத்தது. வாசனை இன்னான்னு இவளைக் கேளுங்க."

ராமதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். முறத்தில் கிடந்த கருப்புக் கொட்டையை எட்டிப் பார்த்தார். ராஜ்குமார்தான், "கருகினதையும் கட்டிக் குடுங்கக்கா, பால் ஊத்திக் குடிச்சிக்கிறோம்" என்று பேச்சை மாற்றினான். இருவரும் கிளம்பினார்கள். சாயந்திரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

தணிகாசலம் டம்ளரில் மீதி இருந்ததைக் குடித்து முடித்தார். ஆறினதும் புளிப்பு இன்னும் கூடியிருந்தது. கிருஷ்ணம்மாள் ஃபில்டரைக் கழுவக் குனிந்தாள்.

"தலையில இன்னா அது?"

"மரிக்கொழுந்து."

"இன்னிக்கி இன்னா விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. காய்ச்சல் விட்ட நாள்லேர்ந்து தினமும்தான் வெச்சிகினு வர்றேன். என்னிக்காவது ஒரு நாள் வாசனை வருதுன்னு நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் எழுந்துபோய் அவள் கொண்டையிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கினார். விரலில் கசக்கி மூக்கோடு சேர்த்து அழுத்தி, நெஞ்சு நிறைய இழுத்தார். வாசனை வரவில்லை. களம்பூரில் வராத அழுகைதான் வந்தது, குலுங்கிக் குலுங்கி வந்தது.

கிருஷ்ணம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.