இடுப்பளவு துளிர்

சாமியானாக் கம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த யாசரைச் சலீம் மாமா தோளில் தட்டிக் கூப்பிட்டார்.

"அதை விடு மருமவனே. வண்டிய எடுத்துட்டு அச்சன்புதூர் தோட்டத்துக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வா. ஒங்க வாப்பா கபர்ல நட ஒரு பச்சக் கொப்பு வேணும்லா. வெட்டுன தேக்குல துளிர்த்திருக்கே, அதுல ஒண்ணு ஒடிச்சிட்டு வந்துரு."

"இங்கனயே முருங்கை நிக்கி மாமா…"

"ஏலே, பாக்க வந்தவன் ஒருத்தன ஒங்க வாப்பா விட்டாவளா? 'எம்மவன் சொல்லுதான், துளிர் இடுப்புக்கு வந்துட்டாம்'னு அதே பேச்சுதான. சாயந்தரம் அஸர் தொழுததும் எடுத்துருவோம். சட்டுனு போ."

சுற்றி நின்றவர்கள், அதுதான் சரி என்றார்கள். யாசர் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் பைகளைத் தடவிவிட்டுக் கிளம்பினான்.

வழியெல்லாம் சாரல் முகத்தில் அடித்தது.

மரம் வெட்ட வாப்பாவிடம் ஒரு முறை இருந்தது. இலை உதிர்ந்து முடிந்தபின், மழை தொடங்குமுன், தரையை ஒட்டி, தண்ணீர் தங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். பட்டை மட்டும் கிழியவே கூடாது. அப்படி வெட்டினால் அடிக்கட்டை மறுபடி கிளம்பும். வாப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் துபாயிலிருந்து வந்த யாசர், விடுப்பு முடிவதற்குள் தங்கை வீட்டு நிலைக்கதவுகளை முடித்துவிட நினைத்தான். இலை விட்டு நின்ற மரங்களை மெஷின்காரர்கள் முழங்கால் உயரத்தில் அறுத்தார்கள். சாய்ந்த மரங்கள் பட்டையை வேர்வரை உரித்துக்கொண்டு விழுந்தன. குப்பையை அள்ள ஆள் கிடைக்காமல், கட்டைகளின்மேலேயே குவித்துத் தீ வைத்தவன் அவன்தான்.

முதல் மழை பெய்த அன்று மாலை வாப்பா குழறலாகக் கேட்டார். "துளிர்த்துச்சா?"

"துளிர்த்திருக்கு வாப்பா."

துளிர்த்தது வளரத்தானே வேண்டும். விரலளவு, சாண், முழங்கால் என்று மாலைதோறும் கட்டிலருகே நின்று கையால் அளந்து காட்டினான். "கட்டைக்கு ஒண்ண விட்டுட்டு மத்தத ஒடிச்சிரு" என்றார். "ஒடிச்சிட்டேன்" என்றான். முந்தாநாளும் நேற்றும் இடுப்பில் கைவைத்துக் காட்டினான்.

தோட்டத்தில் கட்டைகள் கரிபிடித்து நின்றன. ஒன்றில் நாய்க்குடை பூத்திருந்தது. யாசர் உள்ளே போகவில்லை. வேலியைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்குள் குதித்தான். அங்கே அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் துளிர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. சின்னதாகப் பக்கத்தில் கிளைத்த ஒன்றைப் பிடித்து இழுத்தான். ஒரு முழம் பட்டையையும் கிழித்துக்கொண்டு அது கையோடு வந்தது.

"யாரது?"

சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஆவுடைத்தாய் நின்றாள். பக்கத்துத் தோட்டக்காரர் கடற்கரையின் மனைவி.

"நாந்தான்க்கா, யாசரு. வாப்பா கபர்ல நட…"

"எடுத்துக்கோய்யா. போன வருசம் ஒங்க வாப்பா, அண்ணாச்சி, நின்னு வெட்டித் தந்த கட்டதான."

அத்தோடு அவன் போயிருக்கலாம். "எங்க தோட்டத்துலயும் துளிர்த்திருக்கு. இது கைக்கு வாட்டமா இருந்துச்சு" என்றான்.

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கிழிந்த பட்டையின் மேல் ஈரமண்ணை அள்ளி அப்பினாள்.

"அண்ணாச்சிக்குத் தெரியும்யா."

"என்னது?"

"போன வாரம் எங்க வீட்டுக்காரரு பாக்க வந்தாவல்லா. ஒங்க தோட்டம் எப்படி இருக்குன்னு அண்ணாச்சி கேட்டாவளாம். இவுகளுக்கு மறைக்கவா தெரியும்? கருகிக் கெடக்குன்னுட்டாவ. 'சரி, நான் கேட்டேன்னு யாசர்ட்ட சொல்லிராத'ன்னாவளாம்."

போன வாரம். முழங்காலும் தொடையும் இடுப்பும் அதற்குப் பிறகுதான். அப்போதெல்லாம் வாப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவன் கை நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மட்டும், "போதும், உக்காரு" என்றார்.

மையவாடியில், மண் மூடிய கபரின் தலைமாட்டில் துளிரை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"இலையப் பாத்தியளா, எம்மாம் பெருசு!" என்றார் சலீம் மாமா. "மவன் எப்படிப் பாத்திருக்கான்!"

துஆ முடிந்ததும் யாசரை முதல் ஆளாக நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்து ஸலாம் சொல்ல வேண்டும். அப்போதுதான் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான். சிறு பிள்ளைகள் மருதாணி என்று தேய்த்து விளையாடுவார்களே, கசங்கிய தேக்கந்துளிரின் அந்தச் சிவப்பு கையெல்லாம் பிடித்திருந்தது. சட்டையில் துடைத்தான். போகவில்லை.

ஏழெட்டுப் பேருக்குப் பின் கடற்கரை வந்தார். நட்டிருந்த துளிரை ஒருமுறை பார்த்தார். யாசரின் ஈரக் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டதும், சிவப்பு ஒட்டிய தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்தவர் கையை நீட்டினார்.