வாத்தியார் வண்டியின் கூரை

...மூலையில் ஆரம்பிக்கக் கூடாது, பின்பக்கத்து நடுவில்தான் ஆரம்பிக்க வேண்டும், இழுத்து ஒட்டவும் கூடாது, இழுத்தால் இன்றைக்கு அழகாகத்தான் இருக்கும், நாலு வெயில் பட்டதும் ரப்பர் தன் பழைய நீளத்துக்கே சுருங்கிப்போய் வாயைப் பிளந்துகொள்ளும்... இதையெல்லாம் மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாயைத் திறந்தால் வாத்தியார் “சரி சார்” என்பார், நான் “இல்ல சார், நீங்க செய்றதும் சரிதான் சார்” என்பேன், ஒரே பிள்ளைக்குத் தலை வாரிவிடும் இரண்டு பேர் இப்படி சார் சார் என்று குழைந்துகொண்டிருப்பதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். வேறு எப்படித்தான் கூப்பிடுவது? மனைவியின் அண்ணன் என்றால் மச்சான், மனைவியின் தங்கை புருஷன் என்றால் சகலை, என் மனைவியை எனக்கு முன்னால் கட்டியிருந்தவர் எனக்கு என்ன முறை? அதற்கு மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை செய்து வைக்கவில்லை. அதனால் சார்.

நான் வண்டிக்குள் நிற்கிறேன், இரண்டு உள்ளங்கைகளாலும் கூரையைத் தாங்கிக்கொண்டு. உள்ளே அடுப்பு, மடக்கு மேசை, ஒரு சின்னத் தொட்டி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு வீட்டைப் பிழிந்து வேனுக்குள் அடைத்த மாதிரி. நிறுத்திய இடத்தில் கூரையின் பின்பக்கத்தை மேலே தள்ளினால் பாதி திறந்த பெட்டியின் மூடிபோல எழும்பும், சுற்றிலும் கான்வாஸ் துணி விரிந்து சுவராகும், அந்தக் கூரைக்கு அடியில் ஒரு மேல் படுக்கை, அது அவர் மகள் குட்டியின் இடம். கூரையைத் தாங்க வேண்டிய கம்பி தளர்ந்துவிட்டது, அதனால்தான் இந்த வேலைக்கு இரண்டு ஆள். வெளியே ஏணியில் வாத்தியார் கூரை விளிம்பிலிருந்து, தண்ணீர் இறங்காமல் அடைக்கும் ரப்பர் பட்டையை, அந்தப் பழைய பீடிங்கைப் பிய்க்கிறார், அது முழுசாக வராமல் கருகிய அப்பளம்போல நொறுங்கி வருகிறது, துணி வழியாக அவருடைய நிழலும் மூச்சும் மட்டும்தான் எனக்குத் தெரிகின்றன. “கை வலிக்குதா சார்?” “இல்ல சார், பொறுமையா பண்ணுங்க.” வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் போலவும் இருக்கிறது.

போன முறை அவரும் குட்டியும் மலைப்பக்கம் போனபோது வழியெல்லாம் மழை, மூடியிருந்த கூரைக்கு அடியில் தண்ணீர் இறங்கி மெத்தை ஊறிப்போனது அவருக்குத் தெரியவில்லை, குட்டி அந்த ஈரத்திலேயே படுத்து எழுந்து, மூக்கு ஒழுக வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கத்தவில்லை, அவள் கத்துகிற ஆள் இல்லை, ஈரத் துணிகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறி, “இனிமே அந்த வண்டியில அனுப்ப மாட்டேன்” என்றாள், அவ்வளவுதான். அந்த வண்டி இல்லையென்றால் அவருக்கு என்ன இருக்கிறது? இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட ஒற்றை அறை, அதில் ஒரு பெண் குழந்தையை எங்கே தங்க வைப்பார், ஏதாவது பூங்காவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட வேண்டியதுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். விடுமுறை நாளெல்லாம் குட்டி எங்கள் வீட்டிலேயே இருந்திருப்பாள், யாரும் என்னை ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் விற்பதே ரப்பர், ஹோஸ், வாஷர், கதவு பீடிங், காலையிலிருந்து ராத்திரி வரை அந்த வாசனையிலேயே கிடக்கிறவன்... “ரப்பர் போயிருக்கும், அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டேன். அவள் ஈரத் துணியை விட்டு நிமிர்ந்தாள். “நீங்களா?” என்றாள். “நான்தான்.” “சரி, நீங்க பார்த்து சரின்னு சொன்னா சரி.”

அவளுக்காகச் சொன்னேனா, குட்டிக்காகவா? இல்லை, இந்த மனிதருக்காகத்தான்... அன்றைக்கு நடுப்பகல், கல்யாணம் ஆகி அப்போதுதான் கொஞ்ச நாள், அவள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள், விமானத்தில் இருப்பாள், போன் போகவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சல் என்று சொல்லிக் குட்டியை என்னிடம் அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பார்த்ததுமே பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள், நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவன், ஒரு பூனைகூட வளர்த்ததில்லை, எனக்கு என்ன தெரியும்? கூச்சத்தை விட்டு வாத்தியாருக்குப் போன் செய்தேன். பதறுவார், திட்டுவார், இப்போதே வருகிறேன் என்பார் என்று நினைத்தேன். “மாத்திரைய ஒடைக்காதீங்க, கசக்கும். முதல்ல வாயில தண்ணி வச்சுக்கச் சொல்லுங்க, அப்புறம் மாத்திரை. கொக்கு மாதிரி தலைய மேல தூக்குவா, அப்ப மட்டும் சிரிச்சிடாதீங்க” என்றார். அதோடு, “நான் வரணுமா? நீங்கதான் இருக்கீங்களே” என்றார். நீங்கதான் இருக்கீங்களே... கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டபோது இல்லாத ஒரு தைரியம் அந்தச் சொல்லில் வந்தது எனக்கு. அவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. இருந்தாலும் நான் எப்படி அதைச் சொல்வது, உங்களால்தான் சார் நான் அந்த வீட்டில் ஒரு ஆளானேன் என்று ஏணியில் நிற்கிற மனிதரிடம் துணி வழியாகவா சொல்வது? அதைச் சொல்வதற்குப் பதில் ரப்பரைத் தேர்ந்தெடுத்து, கடையில் இருப்பதிலேயே நல்லதாக, வெயிலுக்கு அசையாததாகக் கொண்டுவரத்தான் முடிந்தது.

கூரைக்கு ஒரு பலகையை முட்டுக் கொடுத்துவிட்டு நானும் வெளியே வந்தேன். விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பசையை அவர் சுரண்ட, நான் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். புது பீடிங்கை அவர் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு ஏணியை இடம் மாற்றி மாற்றி ஏறினார், நான் அழுத்திக்கொண்டே போனேன், கட்டைவிரலால் ஒரு அழுத்து, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. மூலையில் திரும்பும்போது அவர் அவசரப்பட்டு இழுத்துவிட்டார், “சார்...” என்றேன், “தெரியும் சார், விட்டுட்டேன்” என்று திருப்பித் தளர்த்தினார். எனக்கும் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கணக்கு வாத்தியார், பிள்ளைகளிடம் ஒரு படியை விட்டுவிட்டு விடைக்குத் தாவாதே என்றுதானே சொல்லிக்கொண்டிருப்பார்? இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரு நகக்கண் அளவு கூடுதலாக விட்டு வெட்டி, நெருக்கி உள்ளே தள்ளினேன். அவர் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவினார், “இது எங்க ஆரம்பிச்சது எங்க முடிஞ்சதுன்னே தெரியல சார்” என்றார்.

துணியை உள்பக்கமாக ஒதுக்கி, கூரையை இறக்கிக் கொக்கி மாட்டினோம். அவர் தோட்டக் குழாயை இழுத்து வந்து தண்ணீரைப் பீய்ச்சினார், நான் உள்ளே உட்கார்ந்து இண்டு இடுக்கெல்லாம் விரலை விட்டுப் பார்த்தேன், தகரத்தின் மேல் தண்ணீர் விழும் சத்தம் பேய்மழை மாதிரி, அந்தச் சத்தத்துக்குள் நான் மட்டும் காய்ந்த விரல்களோடு... இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? “இறங்குதா?” “ஒரு பொட்டுகூட இல்ல சார்.” அவர் தண்ணீரை நிறுத்தவில்லை, நம்பாமல் இன்னொரு சுற்று வந்தார். என் மனைவிக்குப் போன் செய்து, “சரியாயிடுச்சு, நான் பார்த்துட்டேன்” என்றேன். “அப்ப சாயங்காலம் அவள ரெடி பண்றேன்” என்றாள். அதை வாத்தியாரிடம் சொன்னதும் குழாயை மூடப் போனவர் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மெத்தையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கூரையை மறுபடி தூக்கிப் பலகையை முட்டுக் கொடுத்து மேல் படுக்கையில் ஏறினேன். காய்ந்திருந்தது. சும்மா காலை மடக்கிப் படுத்துப் பார்த்தேன், குட்டி அளவுக்குச் செய்த இடம், துணிச்சுவர் வழியாக வெளிச்சம் பால்போல வந்தது, அவளுடைய ஷாம்பூ வாசனை. “அங்க தலைமாட்டுல ஒரு குட்டி விளக்கு இருக்கும் சார், எரியுதா பாருங்க” என்றார் கீழேயிருந்து. “போன மழையில வயர்ல தண்ணி இறங்கியிருந்தா வம்பு. அது இல்லாம அவ தூங்க மாட்டா. இருட்டுன்னா அவ்ளோ பயம்.”

சுவிட்சைத் தேடிய கை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் அவளேதான் எழுந்துபோய் விளக்கை அணைக்கிறாள், தினமும், “குட் நைட்” சொல்லிக் கதவையும் சாத்திக்கொள்கிறாள், பயமே தெரியாத பொண்ணு என்று நான் கடையில்கூடப் பெருமையடித்திருக்கிறேன். பயம் போய்விட்டதா, போனது அப்பாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று இங்கே மட்டும் விளக்கை வைத்துக்கொள்கிறாளா? அல்லது போகவே இல்லையா, நான் கட்டிய வீட்டில், நான் சாயம் அடித்த அறையில், விளக்கைக் கேட்டால் எங்களுக்குத் தொந்தரவு என்று இருட்டுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு... அவள் அம்மாவுக்காவது தெரியுமா? இதை எனக்குச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டு அந்த மனிதர் கீழே ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், இதற்கும் சேர்த்து எத்தனை முறை அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்குமோ. சுவிட்சை அழுத்தினேன். மஞ்சளாக, எலுமிச்சை அளவுக்கு ஒரு வெளிச்சம்.

“எரியுதா சார்?”

“எரியுது சார்” என்றேன். இறங்க வேண்டும், சுத்தியலையும் தின்னரையும் எடுத்து வைக்க வேண்டும். அப்படியே படுத்திருந்தேன்.